காட்ஜில்லாவுக்கு நகரம் கட்டிக் கொடுத்தவர்



இந்த விடுமுறையில் பழைய காட்ஜில்லா படங்களை வரிசையாக உட்கார்ந்து மறுபடி பார்த்து முடித்தேன். ஜப்பானின் தோஹோ நிறுவனம் 1954 முதல் 1975 வரை எடுத்தவை மட்டும் 15 படங்கள். சின்ன வயதில் பார்த்தபோது எல்லாரையும் போல மிருகத்தைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை கண் கட்டடங்கள் மேலேயே நின்றது. அடுக்குமாடியில் பல வருடம் குடியிருந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது! முதல் படத்தில் காட்ஜில்லாவின் உயரம் 50 மீட்டர். தளத்துக்கு 3 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 16-வது மாடிக்காரருக்கும் அதன் முகம் பால்கனிக்கு நேராகத் தெரியும்.

அந்தக் கட்டடங்களைக் கட்டி, பிறகு அத்தனை அழகாக இடித்துக் காட்டியவர் எய்ஜி சுபுராயா. படங்களின் தொடக்கத்தில் சிறப்புக் காட்சிகள் என்ற வரியில் இவர் பெயர் வரும். நாம்தான் அதை வேகமாக ஓட்டிவிடுவோம். இந்த இதழில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

சுபுராயா 1901-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில் உள்ள சுகாகவா என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். பாட்டியும் மாமாவும்தான் வளர்த்தார்கள். 1910 டிசம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விமானம் பறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அதிலிருந்து பையனுக்கு விமானப் பைத்தியம். மரத்தில் மாதிரி விமானங்கள் செய்துகொண்டே இருந்தார். 15 வயதில் டோக்கியோவுக்கு வந்து ஹனேடாவில் இருந்த விமானப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இருந்தது ஒரே ஒரு விமானம். 1917-ல் அது விழுந்து நொறுங்கியது. பயிற்சி கொடுத்தவரும் அதில் இறந்துபோனார். பள்ளியும் பைலட் கனவும் அதோடு முடிந்தன.

பிறகு மின்பொறியியல் படிப்பு, கூடவே பொம்மைக் கம்பெனியில் வேலை. 1919-ல் செர்ரிப்பூ பார்க்கப் போன இடத்தில் இரண்டு கோஷ்டிகளுக்குள் தகராறு வந்ததாகவும், இவர் சமாதானம் செய்து வைத்ததாகவும், எதிர்க்கோஷ்டியில் இருந்த யோஷிரோ எடமசா என்ற இயக்குநர் இவரைப் பிடித்துப்போய் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். கதை கொஞ்சம் வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் கேமராமேன் ஆனது அந்த வழியில்தான். 1933-ல் வெளிவந்த அமெரிக்கப் படமான கிங் காங்கைப் பார்த்து அசந்துபோனார். அதன் பிரதி ஒன்றைத் தேடி வாங்கி, ஒவ்வொரு ஃபிரேமாக வைத்து எப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ந்தார். அதுவரை ஜப்பானில் இந்த வேலைக்குத் தனிப்பிரிவு என்று ஒன்று இருக்கவில்லை. தோஹோவில் அது உருவானதே இவருக்காகத்தான். தொடக்கத்தில் அதில் ஆட்கள்கூட அதிகம் கிடையாது.

இனி நான் சொல்லப்போவது ரசிகர்கள் கொஞ்சம் தயக்கத்தோடு கடந்துபோகும் பகுதி.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து, கடற்படை அமைச்சகத்தின் ஆதரவோடு ஹவாய் மலாய் கடற்போர் என்ற படத்தை தோஹோ வெளியிட்டது. ஒரு கிராமத்துப் பையன் கடற்படை விமானப் பயிற்சியில் சேர்ந்து போருக்குப் போவதுதான் கதை. இளைஞர்களைப் படைக்கு இழுப்பதுதான் நோக்கம். பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை மாதிரி உருவமாகக் கட்டி, பொம்மைக் கப்பல்களை மிதக்கவிட்டு, கம்பியில் தொங்கும் விமானங்களால் குண்டுவீச வைத்தவர் சுபுராயா. கப்பல்களின் விவரத்தைக் கடற்படை ரகசியம் என்று கொடுக்க மறுத்துவிட்டது. பத்திரிகைப் படங்களை வைத்து அளவு கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். படம் பிரம்மாண்ட வெற்றி. அந்தத் தாக்குதல் காட்சியைப் பின்னாளில் அமெரிக்கர்கள் உண்மைப் படப்பிடிப்பு என்றே நம்பியதாக ஒரு பேச்சு இன்றுவரை உண்டு.

15 வயதில் விமானி ஆகத் துடித்த ஒருவர், அதே வயதுப் பையன்களை விமானப் படைக்கு அழைக்கும் படத்துக்குத் தன் முழுத் திறமையையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பையன்களில் பலர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்து ஜப்பானில் மறுக்கும் இடம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நாம் இங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன்.

போர் முடிந்த பிறகு அதற்கான விலை வந்தது. ஜப்பானை நிர்வகித்த நேச நாட்டுத் தலைமையகம், போர்ப் பிரசாரத்தில் பங்கெடுத்தவர்களைப் பொறுப்புகளிலிருந்து நீக்கியது. 1948-ல் சுபுராயாவும் தோஹோவை விட்டு வெளியேற நேர்ந்தது. டோக்கியோவில் தன் வீட்டிலேயே ஒரு சிறு பட்டறை போட்டுக்கொண்டு, கிடைத்த வேலைகளைச் செய்தார். 1949-ல் தாயே நிறுவனத்துக்காக ஒரு மாயாவி மனிதன் படத்துக்குத் தந்திரக் காட்சிகள் எடுத்தது அந்த நாட்களில்தான். தடை விலகி தோஹோவுக்குத் திரும்பும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

1954 மார்ச் 1 அன்று பசிபிக்கில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. லக்கி டிராகன் 5 என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மீது கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. நாடே கொந்தளித்தது. அந்தச் சமயத்தில் தயாரிப்பாளர் தோமோயுகி தனாகாவுக்கு இந்தோனேசியாவில் எடுக்க வேண்டிய ஒரு படம் கைவிட்டுப் போயிருந்தது. அவசரமாக வேறொன்று வேண்டும். குண்டு சோதனையால் கடலடியிலிருந்து எழுந்து வரும் ஒரு ராட்சத மிருகம் என்ற யோசனை அவருடையது. சுபுராயாவிடம் ஏற்கெனவே வேறொரு யோசனை இருந்தது. இந்தியப் பெருங்கடலில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் கப்பல்களைத் தாக்குவது! நல்லவேளை, அது ஏற்கப்படவில்லை. இயக்குநராக வந்த இஷிரோ ஹோண்டா சீனாவில் படைவீரராக இருந்து, திரும்பும் வழியில் அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர்.

கிங் காங் போலப் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்கத்தான் சுபுராயாவுக்கு ஆசை. அதற்குப் பல வருடம் ஆகும். கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால் ரப்பர் உடைக்குள் ஆளை இறக்கினார். முதலில் செய்த உடை ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் நடக்கவே முடியவில்லை. அதை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டாவது உடைக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. விளக்குகளின் சூட்டில் வியர்த்து ஊற்ற ஊற்ற நடித்தார்.

ஆளுக்கு ஏற்ற அளவில் நகரம் வேண்டுமே. டோக்கியோவின் கின்சா கடைவீதியை 25-ல் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். எதை எங்கே உடைப்பது என்று பார்க்க ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில் நின்று இவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, காவலாளி சந்தேகப்பட்டுப் பிடித்து விசாரித்தாராம். உருகி வளையும் மின்கோபுரங்கள் மெழுகால் செய்தவை. படம் பார்க்கும்போது அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

சின்னக் கட்டடம் சரிந்தால் சட்டென்று விழுந்துவிடும், பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். அதனால் கேமராவைப் பல மடங்கு வேகமாக ஓட்டிப் படமெடுத்து, சாதாரண வேகத்தில் திரையில் காட்டினார். 25 மடங்கு சின்ன உருவத்துக்கு 5 மடங்கு வேகம் என்பது பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு, உங்கள் வீட்டு 11-ம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் போட்டுக் காட்டும். திரையில் தூசி மெதுவாக எழும், சுவர் தயங்கி விழும். பார்ப்பவருக்கு எடை தெரியும். காட்ஜில்லாவின் குரலும் இப்படிப்பட்ட கைவேலைதான். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பெரிய வயலின் போன்ற டபுள் பாஸின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து உண்டாக்கினார்கள்.

லக்கி டிராகன் படகின் வானொலி இயக்குநர் செப்டம்பர் 23-ல் இறந்தார். படம் நவம்பர் 3-ல் வெளிவந்தது. கடலில் ஒரு பெரிய ஒளி, அதில் எரிந்து மூழ்கும் ஒரு படகு என்றுதான் படமே தொடங்குகிறது. 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

இந்தத் தடவை பார்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது காட்ஜில்லா டோக்கியோவை எரிக்கும் இரவு. தூரத்தில் அடிவானம் முழுக்க நெருப்பு. ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம் போகப்போகிறோம் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறாள். 1945 மார்ச் 10 இரவு நடந்த விமானத் தாக்குதலில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்துபோனார்கள். தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது ஒன்பதே வருடப் பழசு. 1942 படத்தில் நெருப்பைக் கேமரா மேலே விமானத்தில் இருந்து பார்த்தது. இதில் தரையில் இருப்பவர்கள் பக்கம் நின்று பார்க்கிறது. எடுத்த கைகள் அதே கைகள். சுபுராயா இதை நினைத்துச் செய்தாரா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் வித்தியாசத்தை மறக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. ரோடான், மோத்ரா, 1962-ல் கிங் காங்கும் காட்ஜில்லாவும் மோதிய படம், 1964-ல் மூன்று தலை கிதோரா. தான் பார்த்து மயங்கிய கிங் காங்கைத் தன் செட்டிலேயே நடக்கவிட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! மெல்ல மெல்ல படங்கள் குழந்தைகளுக்கானவையாக மாறின. 1965 படத்தில் காட்ஜில்லா ஜெயித்த குஷியில் துள்ளிக் குதிக்கும். ஹோண்டாவுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான். சுபுராயா விடவில்லை. பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மிருகங்கள் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் ரத்தம் காட்டக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். பார்ப்பது குழந்தைகள் என்ற ஒரே காரணம்தான். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்த பிறகு அந்தக் குதியலை நான் மன்னித்துவிட்டேன்.

1963-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆக்ஸ்பெர்ரி என்ற அமெரிக்க ஆப்டிகல் பிரிண்டர் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 4 கோடி யென். ஆர்டர் கொடுத்த பிறகு, நம்பியிருந்த தொலைக்காட்சித் தொடர் கைவிடப்பட்டது. முன்பணம் கட்டிய பிறகு கடன் மறுக்கப்பட்ட வீடு வாங்குபவரின் நிலைமை! கடைசியில் டிபிஎஸ் தொலைக்காட்சி இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு, பதிலுக்குத் தொடர் எடுத்துத் தரச் சொன்னது. 1966 ஜனவரியில் அல்ட்ரா க்யூ, ஜூலையில் அல்ட்ராமேன். ஜப்பானின் பிள்ளைகள் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

உழைப்பு உடம்பைத் தின்றது. 1970 ஜனவரி 25 அன்று இதோ என்ற கடற்கரை ஊரில் மாரடைப்பில் காலமானார். வயது 68. அப்போது அவர் எடுக்கத் திட்டமிட்டிருந்த படங்களில் ஒன்று ஜப்பானின் ஆரம்பகால விமானப் பைத்தியங்களைப் பற்றியது. அது எடுக்கப்படவே இல்லை.

அவர் இருந்தவரை வெளிவந்த காட்ஜில்லா படங்கள் 10. போர் முடிந்த கால ஜப்பானில் நடக்கும் காட்ஜில்லா மைனஸ் ஒன் 2024-ல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் வாங்கியபோது பலருக்கு இவர் நினைவு வந்திருக்கும். பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: 1954-ன் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரியவர்கள் மட்டும் முதலில் பாருங்கள், 96 நிமிடம்தான். சின்னப் பிள்ளைகளோடு என்றால் 1964-ல் வந்த மோத்ரா படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். முட்டை பொரியும் இடத்தில் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.