விமானியின் பிழைக்குப் பின்னால் இருந்த காரணத்தைத் தேடிய பால் ஃபிட்ஸ்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் படையின் விபத்து அறிக்கைகள் பலவற்றில், காரணம் விமானியின் பிழை என்றே எழுதப்பட்டது. பெரும்பாலும் அத்துடன் விசாரணை முடிந்துவிடும். பயிற்சி பெற்ற விமானி அந்தப் பிழையை ஏன் செய்தார் என்ற கேள்வியை, அறிக்கை முடிந்த இடத்திலிருந்து தொடங்கியவர் உளவியலாளர் பால் ஃபிட்ஸ்.

டென்னசி மாநிலத்தின் மார்ட்டின் என்ற சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி பிறந்த ஃபிட்ஸ், ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1938-இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். போர் மூண்டபோது ராணுவ விமானப் படையில் பணியாற்றினார். அங்கிருந்த உளவியலாளர்களின் முதன்மைப் பணி, விமானம் ஓட்டத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பது. அதாவது, இயந்திரத்துக்கு ஏற்ற மனிதனைத் தேடுவது. மனிதனுக்கு ஏற்ப இயந்திரத்தை அமைக்கும் பணி 1945-இல் ஃபிட்ஸிடம் வந்தது. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரை அடுத்த ரைட் ஃபீல்டு தளத்தில், விமான மருத்துவ ஆய்வகத்தின் உளவியல் பிரிவுக்கு அவர் தலைவரானார்.

460 அனுபவங்கள்

ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, விமானிகள் தாங்களே செய்த அல்லது நேரில் கண்ட தவறுகளை ஃபிட்ஸ் கேட்டுத் திரட்டினார். கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாள்வதில் நேர்ந்த 460 தவறுகளின் பகுப்பாய்வு 1947-இல் வெளியானது. அவற்றில் சரிபாதி, ஒரு கருவிக்குப் பதிலாக வேறொன்றை இயக்கியதால் நேர்ந்தவை.

சக்கரத்துக்கான பிடியும் இறக்கையின் மடிப்புக்கான பிடியும் சில விமானங்களில் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. தரையிறங்கியதும் மடிப்பை உயர்த்த நினைத்த விமானி, கை மாறிச் சக்கரத்தை மடக்கிவிட்டால் விமானம் வயிறு தரையில் உரசச் சாய்ந்துவிடும்.

என்ஜினை இயக்கும் மூன்று நெம்புகோல்களின் வரிசையும் விமானத்துக்கு விமானம் மாறியது. வேகத்துக்கான நெம்புகோல் பி-25 குண்டுவீச்சு விமானத்தில் இடப்பக்கமும், சி-47 சரக்கு விமானத்தில் நடுவிலும் இருந்தது. ஒன்றில் பழகிய கை, மற்றொன்றிலும் பழைய இடத்துக்கே சென்றது.

மானிகளைப் படிப்பதில் ஏற்பட்ட 270 தவறுகளையும் இருவரும் ஆராய்ந்தனர். மூன்று முட்கள் கொண்ட உயரமானியை ஆயிரம் அடி பிசகாகப் படித்தது அவற்றுள் முக்கியமானது. மேகத்துக்குள்ளோ இருளிலோ தரையை நோக்கி இறங்கும் விமானத்துக்கு அந்த ஆயிரம் அடியே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம்.

விமானிகளை ஃபிட்ஸ் முற்றிலும் குற்றமற்றவர்களாக்கிவிடவில்லை. செய்ய வேண்டியதை மறந்துபோன நிகழ்வுகளும் அவரது பட்டியலில் உண்டு. ஆயினும், ஒரே தவறைப் பலர் செய்தால் அதன் வேரைக் கருவியின் அமைப்பிலும் தேட வேண்டும் என்பதை அந்த ஆய்வு நிறுவியது. அதே ஆய்வகத்தில் போர்க் காலத்தில் பணியாற்றிய அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், தொட்டவுடன் அடையாளம் தெரியும்படி பிடிகளுக்கு வெவ்வேறு வடிவம் தர வேண்டும் என்று ஏற்கெனவே கண்டறிந்திருந்தார். சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவிலும், மடிப்புக்கான பிடி மடிப்பின் வடிவிலும் இருக்க வேண்டும் என்பது இன்று பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் இடம்பெற்றுள்ளது.

விரல் நுனி வரை

கருவிகளை மட்டுமே நம்பித் தரையிறங்கும் விமானிகளின் கண்கள் எந்த மானியை எவ்வளவு நேரம் பார்க்கின்றன என்பதையும் ஃபிட்ஸ் குழு படம்பிடித்து அளந்தது. 1949-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் எந்த வேலையை மனிதனிடமும் எதை இயந்திரத்திடமும் ஒப்படைக்கலாம் என்பது குறித்த அறிக்கையை 1951-இல் தொகுத்தளித்தார்.

இலக்கு தொலைவிலும் சிறிதாகவும் இருந்தால் கை அதைச் சென்றடைய அதிக நேரமாகும் என்பதைக் கணக்கீடாக வகுத்தளித்த அவரது ஆய்வு 1954-இல் வெளியானது. ஃபிட்ஸ் விதி எனப்படும் அது, கைப்பேசித் திரையில் பொத்தான்களின் அளவையும் இடத்தையும் முடிவு செய்வோருக்கு இன்றும் வழிகாட்டுகிறது.

1958-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஃபிட்ஸ், 1965 மே 2-ஆம் தேதி, 53 வயது நிறைவடைய நான்கு நாட்களே இருந்த நிலையில் காலமானார். மைக்கேல் போஸ்னருடன் இணைந்து அவர் எழுதிய மனிதச் செயல்திறன் பற்றிய நூல் 1967-இல் வெளிவந்தது. இன்று விமான விபத்தை ஆராய்வோர், விமானி என்ன செய்தார் என்பதோடு நிற்பதில்லை. அவர் முன் இருந்த மானி எதைக் காட்டியது, கைக்கு எட்டிய பிடி எது என்பதையும் சேர்த்தே ஆராய்கின்றனர்.