பேகம் ரொக்கையா அம்மையார்

நம் சமூகத்துப் பெண்மக்கள் படித்து உத்தியோகம் பார்க்கலாமா, பார்ப்பதாயின் அதற்கு வேண்டிய துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வரும் என்ற பேச்சு நம் கடைகளிலும் இல்லங்களிலும் அடிக்கடி எழுவதுண்டு. அதற்கு விடை தேடுவோர் வங்காளத்து பேகம் ரொக்கையா அம்மையாரின் சரிதத்தை அறிந்திருத்தல் நலம்.

இன்றைய பங்களாதேஷிலுள்ள ரங்பூர் ஜில்லா, பைராபந்த் கிராமத்தில், 1880ஆம் ஆண்டு ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். தகப்பனார் பல மொழிகள் கற்றவர். ஆயினும் தம் பெண்மக்களைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினாரில்லை. தமக்கையார் கரீமுன்னிசா வங்காளியும், தமையனார் இப்ராஹீம் சாபிர் ஆங்கிலமும் கற்பித்தனர். வீட்டார் உறங்கிய பின்னர் விளக்கொளியில் தமையனாரின் பாடம் நடந்தது.

பாகல்பூரில் டிபுட்டி மாஜிஸ்திரேட்டாக இருந்த ஜனாப் சகாவத் ஹுசைன் அவர்கள் அம்மையாரை மணந்தார். மனைவி எழுதுவதை ஊக்குவித்த கணவர் அவர். பெண்கள் நாட்டை ஆள, ஆடவர் வீட்டினுள் கோஷாவில் இருப்பதாக அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய வேடிக்கைக் கதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இண்டியன் லேடீஸ் மாகஸீன்' பத்திரிகையில் அச்சாயிற்று.

பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்தன. 1909இல் கணவரும் காலமானார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கிச் சென்றது 10,000 ரூபாய். அவ்வாண்டிலேயே அம்மையார் ஐந்து மாணவிகளுடன் பாகல்பூரில் பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறினால் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் மீண்டும் ஆரம்பித்தார். சகாவத் நினைவுப் பள்ளி என்பது அதன் பெயர்.

பள்ளியில் பயின்றறியாத அம்மையார் பள்ளியை நடத்த வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் கல்லாவில் அமருமுன் பிறர் கடையில் நின்று தொழில் பழகுவதில்லையா? அம்மையாரும் மற்றப் பெண் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடக்கும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கல்கத்தாவில் தகுந்த ஆசிரியைகள் கிட்டாமையால் சென்னை, கயா, ஆக்ரா முதலிய தூர இடங்களிலிருந்து வரவழைத்தார். புர்கா அணிந்து வீடு வீடாகச் சென்று, பெண்மக்களை அனுப்புமாறு பெற்றோரிடம் மன்றாடினார்.

மாணவிகளை ஏற்றிவர ஒரு மோட்டார் பஸ் வந்தது. காற்றுப் புகாதபடி அது மூடப்பட்டிருந்ததால் சிறுமிகள் மயங்கி விழுந்தனர். அடைப்பை நீக்கித் திரை கட்டினால், காற்றில் திரை விலகிக் கோஷா கெடுகிறதென்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இருபுறத்து ஏச்சையும் தாங்கி அம்மையார் பள்ளியை நடத்தினார். 1915இல் மாணவிகள் 84 பேர். 1930க்குள் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. குர்ஆன் ஓதுதலோடு மொழிகள், தையல், சமையல், நோயாளியைப் பேணுதல், தேகாப்பியாசம் ஆகியனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1916இல் முஸ்லிம் மாதர் சங்கம் ஒன்றையும் நிறுவி, ஏழை விதவைகளுக்கு உதவினார்.

மகளுக்கு நல்ல கல்வி அளித்து, அவள் உணவையும் உடையையும் அவளே சம்பாதிக்க விடுங்கள் என்பது அம்மையாரின் கட்டுரைகளில் வரும் வாதம். அக்காலத்தில் இதற்கு எதிர்ப்பு மிகுந்திருந்தது.

1932 டிசம்பர் 9ஆம் நாள், தமது 52ஆம் பிராயத்தில் அம்மையார் காலமானார். பள்ளி கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

துணிவு வந்த பின்னரே தொழிலில் இறங்குவோம் என்று அம்மையார் காத்திருக்கவில்லை. ஐந்து பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய பின்னரே துணிவு வளர்ந்தது. வணிகராகிய நமக்கு இது புதிதன்று. முதல் நாள் கடை திறந்தபோது நம்மில் எவருக்கு முழுத் துணிவு இருந்தது? ஆயினும் அன்று நமக்குக் கைகொடுக்க ஒருவர் இருந்தார். அம்மையாருக்குத் தமையனாரும் கணவரும் இருந்தனர். நம் பெண்மக்களுக்கு அவ்விடத்தில் நிற்க வேண்டியவர் நாமே. மகளுக்கு நகை செய்யப் பணம் எடுத்து வைக்கும்போது, அவள் கற்பதற்கென்று எவ்வளவு வைத்தோம் என்பதையும் நம் பேரேட்டில் ஒருமுறை பார்ப்போமாக.