வெட்டினால் இரண்டாகும் பிராணி!

ஒரு பிராணியை இரண்டாக வெட்டினால் என்ன ஆகும்? செத்துப்போகும். ஆனால், சாகாத பிராணி ஒன்று உண்டு. அது சாகாது என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு வாத்தியார்!

அவர் பெயர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. ஜெனீவா நகரில் 1710-ம் ஆண்டு பிறந்தவர். ஹாலந்து நாட்டில், பென்டிங்க் பிரபுவின் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார்.

1740-ம் ஆண்டில் ஒரு நாள், குட்டைத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து வைத்தார். அதில் இருந்த நீர்ச்செடியில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டு இருந்தது. மிகச் சிறியது. உச்சியில் நூல் நூலாகக் கைகள்.

செடி என்றுதான் நினைத்தார். ஜாடியை ஆட்டினார். அது சட்டென்று சுருங்கிக்கொண்டது! குட்டிக்கரணம் போட்டு இடம் மாறவும் செய்தது.

செடியா, பிராணியா?

செடியை வெட்டி நட்டால் துளிர்க்கும். பிராணியின் துண்டில் இருந்து இன்னொரு பிராணி வராது. அந்தக் காலத்து நம்பிக்கை அது.

நவம்பர் 25-ந் தேதி அதைக் குறுக்கே வெட்டினார். சில நாட்களில் வால் துண்டுக்குத் தலை முளைத்தது. கைகளும் முளைத்தன! தலைத் துண்டும் முழு உடம்பானது.

அப்படியானால் செடியா? ஆனால் அது புழுவைப் பிடித்துத் தின்கிறதே!

சொன்னால் யார் நம்புவார்கள்? பாரீசில் இருந்த பெரிய விஞ்ஞானி ரோமருக்கு அவற்றை அனுப்பினார். வழியிலேயே செத்துப்போயின. வாத்தியார் விடவில்லை. மறுபடியும் அனுப்பினார். இந்த முறை உயிரோடு போய்ச் சேர்ந்தன. ரோமரும் வெட்டிப் பார்த்தார். அதிசயம் உண்மைதான்! அது பிராணி என்று அவர் உறுதி சொன்னார்.

அதுதான் ஹைட்ரா.

குட்டி வேறு, துண்டு வேறு

ஹைட்ராவை யாரும் வெட்டாவிட்டாலும் அது பெருகும். நன்றாகத் தின்றால், அதன் விலாவில் மொட்டு போலக் குட்டி கிளம்பும். வளர்ந்ததும் பிரிந்து போகும். தாய்க்குச் சேதம் இல்லை. இது இனப்பெருக்கம்.

வெட்டுப்பட்டபின் நடப்பது வேறு. இழந்த உறுப்பை உடம்பு மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. இது மறுவளர்ச்சி. பல்லிக்கு வால் முளைப்பதும் இதுதான். ஆனால் அறுந்த வாலில் இருந்து பல்லி முளைக்காது! ஹைட்ராவின் ஒரு கையை மட்டும் வெட்டிப் போட்டாலும் அப்படித்தான். அது முழு ஹைட்ரா ஆகாது.

டிரெம்ப்ளே ஒரு ஹைட்ராவின் தலையைத் திரும்பத் திரும்பப் பிளந்தார். அதற்கு ஏழு தலைகள் முளைத்தன!

1743-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. மறு ஆண்டு அவருடைய புத்தகம் வெளிவந்தது. பின்னர் அவர் ஜெனீவா திரும்பி, திருமணம் செய்துகொண்டார். தம் பிள்ளைகளுக்கு இயற்கையைப் பற்றிச் சொல்லும் புத்தகமும் எழுதினார். 1784-ல் காலமானார்.