மனச்சிதைவு நோய்க்குப் பெயர் வைத்த டாக்டர்: யார் இந்த யூஜென் ப்ளாய்லர்?

ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு. இந்தப் பெயரை உலகத்துக்குக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர். வெறும் பெயர்தானே என்று கடந்து போக முடியாது. நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம் என்கிற இன்றைய ஆராய்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

குடும்பத்திலேயே பார்த்த நோய்

1857-ல் சூரிச் பக்கத்தில் உள்ள சோலிகான் கிராமத்தில் பிறந்தார். அக்காவுக்குத் தீவிர மனநோய். அந்தக் காலத்தில் சூரிச் மனநல மருத்துவமனையை நடத்தியவர்கள் ஜெர்மனியில் இருந்து வந்த பேராசிரியர்கள். உள்ளூர் பேச்சுவழக்கு அவர்களுக்குப் பிடிபடாது. நோயாளி பேசுவதே புரியாதவர் என்ன வைத்தியம் பார்ப்பார் என்ற ஆதங்கம் மக்களிடம் இருந்தது.

12 வருஷம் நோயாளிகளோடு

1886-ல், 29 வயதில், ரைன் நதித் தீவில் பழைய மடாலயம் ஒன்றில் இயங்கிய ரைனாவ் மருத்துவமனைக்கு இயக்குநர் ஆனார். அங்கேயே தங்கி, நோயாளிகளோடு சேர்ந்து வேலை செய்தார். உளறல் என்று மற்றவர்கள் ஒதுக்கிய பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டார். 1898-ல் சூரிச்சின் புர்கோல்ஸ்லி மருத்துவமனைக்குத் தலைவரானார்.

பெயரை ஏன் மாற்றினார்?

ஜெர்மன் மருத்துவர் எமில் கிரெப்பலின் இந்த நோயை 'டிமென்ஷியா ப்ரேகாக்ஸ்' என்று அழைத்தார். இளம் வயதிலேயே அறிவு மங்கிப்போகும் நோய் என்று அர்த்தம். முடிவு என்னவென்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஆனால் பலர் தேறி வந்ததை ப்ளாய்லர் கண்ணால் பார்த்திருந்தார். எல்லோருக்கும் இளவயதில்தான் வரும் என்பதும் சரியில்லை என்றார். 1908-ல் பெர்லின் கூட்டத்தில் புதுப் பெயரை முன்வைத்தார். 1911-ல் விரிவான புத்தகம் வந்தது. வெளியே தெரியாத லேசான வடிவத்திலும் இந்த நோய் இருக்கலாம் என்று அதில் எழுதினார். முற்றிய பிறகுதான் நோய் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

சறுக்கிய இடம்

நோய் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் தடுக்க, தீவிர நோயாளிகளுக்குக் கருத்தடை செய்வதை அவர் ஆதரித்தார். அன்று பல நாடுகளில் பரவியிருந்த இனமேம்பாட்டுக் கொள்கை அது. நோயாளியின் பேச்சை மதித்தவர், இதில் அவர்களின் உரிமையை மதிக்கவில்லை. 1939-ல் சோலிகானிலேயே காலமானார்.

இன்று என்ன நிலை?

இன்றைய தடுப்புக்கு அர்த்தமே வேறு. 1990-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இளைஞர்களுக்கான ஆரம்பகட்ட சிகிச்சை மையங்கள் தொடங்கின. முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே நாள் ஓட ஓட, தேறுவது கடினமாகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத சந்தேகம், படிப்பில் திடீர் சரிவு, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது... இவை இருந்தாலே மனச்சிதைவு என்று அர்த்தமில்லை. ஆனால் தொடர்ந்தால் வீட்டில் பேசுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். தானா சரியாகிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து.