தகப்பனைத் தாங்கிய செலினம்மாள்



பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜாப் புஷ்பங்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அர்ச். சிறுமலர் தெரேசம்மாளின் படம் உங்களில் அநேகர் வீட்டில் இருக்கும். 1912-ம் ஆண்டில் அதை வரைந்தவள் அவளுடைய உடன்பிறந்த அக்காள் செலின். படம் வரைவதற்கு வெகு காலம் முன்பே, நோயாளியான தகப்பனை ஆறு வருஷம் தாங்கிய கை அது.

செலின் 1869 ஏப்ரல் 28-ந் தேதி பிரான்சு தேசத்து அலான்சோன் நகரில் பிறந்தாள். எட்டு வயதில் தாயை இழந்தாள். தகப்பனார் லூயி மார்ட்டின் ஐந்து பெண்களோடு லிசியே நகரில் குடியேறினார். பிள்ளைகளின் தாய்மாமன் இசிதோர் கெரன் அங்கே மருந்துக் கடை வைத்திருந்தார். காலப்போக்கில் மூத்தவர்கள் இருவரும், 1888 ஏப்ரலில் கடைக்குட்டி தெரேசாளும் கார்மேல் மடம் புகுந்தார்கள்.

அதே ஜூன் மாதம் தகப்பனார் யாருக்கும் சொல்லாமல் காணாமற்போனார். அவருக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்வாள்? மாமனோடு புறப்பட்டுப் போய், ஆவ்ர் துறைமுகப் பட்டணத்தில் அவரைக் கண்டுபிடித்து அழைத்துவந்தாள். 1889 பிப்ரவரியில் நிலைமை மிஞ்சியது. கலகக்காரர் வருகிறார்கள் என்று மயங்கி, பெண்களைக் காப்பாற்றத் தகப்பனார் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார். மாமன் ஒரு சிநேகிதரோடு வந்துதான் அதை வாங்கவேண்டியிருந்தது. 12-ந் தேதி அவரைக் கான் நகரில், கன்னியாஸ்திரீகள் நடத்திய மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்கள் மடத்துக்குப் போனதால்தான் தகப்பனுக்குப் பைத்தியம் பிடித்தது என்று பேசினார்கள். வெட்கத்தால் நோயாளியை அறைக்குள் பூட்டி வைக்கும் வீடுகளை நாமும் அறிவோம். செலினும் அக்காள் லெயோனியும் அப்படிச் செய்யவில்லை. அதே நகரில் கன்னியர் இல்லம் ஒன்றில் சில மாதம் தங்கினார்கள். வாரம் ஒருமுறைதான் தகப்பனைப் பார்க்கலாம்; ஆனாலும் தினமும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் விசாரிப்பார்கள். மனம் தாங்காதபோது செலின் மடத்துச் சகோதரிகளுக்குக் கடிதம் எழுதுவாள்.

1892 மே 10-ந் தேதி தகப்பனார் வீடு திரும்பினார். கால்கள் விழுந்துவிட்டன, பேச்சும் குறைந்துவிட்டது. மாமன் வீட்டருகே ஒரு வீடு பிடித்தார்கள். வளர்ந்த ஆணைத் தூக்கிக் கிடத்த ஒரு பெண்ணால் ஆகுமா? ஒரு வேலையாளையும் அவன் மனைவியையும் வைத்துக்கொண்டார்கள். தன் தகப்பனை அன்னியன் தொடுவதா என்று செலின் ரோஷப்படவில்லை. நம் வீடுகளிலோ மருமகள் ஒருத்தியே இரவும் பகலும் விழித்திருப்பாள். இரண்டு இராத்திரி வந்து காத்திரு என்று நாத்தனாரிடம் கேட்க வாய் வராது. கேட்டால் குறை சொல்வார்களோ என்ற பயம்!

1893-ல் லெயோனியும் மடத்துக்குப் போனபின் பொறுப்பெல்லாம் செலின் தலையில் விழுந்தது. கோடை காலத்தில் மாமன் தம்முடைய லா முஸ் பண்ணை மாளிகைக்கு எல்லாரையும் அழைத்துக்கொண்டார். தகப்பனாரைத் தள்ளுநாற்காலியில் மரத்தடிக்குக் கொண்டுபோவார்கள். அங்கேயே 1894 ஜூலை 29-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, செலின் பக்கத்திலிருக்க அவர் உயிர் பிரிந்தது.

செப்டம்பர் 14-ந் தேதி அவளும் கார்மேல் மடம் சேர்ந்தாள். புகைப்படப் பெட்டியையும் கூடவே கொண்டுபோனாள். மடத்துக்குள் எடுத்த தெரேசம்மாளின் புகைப்படங்கள் பெரும்பாலும் அவள் எடுத்தவையே. 1959 பிப்ரவரி 25-ந் தேதி, ஏறக்குறைய தொண்ணூறு வயதில் மரித்தாள். அவள் பராமரித்த தகப்பனாரும், அவளைப் பெற்ற தாயாரும் 2015 அக்டோபர் 18-ந் தேதி அர்ச்சியசிஷ்டவர்களாக உயர்த்தப்பட்டார்கள்.