காப்டன் டிரைப்பும் கதிரவன் ஒளியும்

நண்பகலிற் கோயில் மண்டபமொன்றைப் படம் பிடிக்க முயன்றோர் ஓர் இடர்ப்பாட்டை நன்கறிவர். வானுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் தூண்கள் கரிய நிழலாகும். தூண்களுக்கு ஏற்ப அளந்தால் வானம் வெளுத்துப்போகும். இக்காலத்து டிஜிட்டல் காமிராக்கள் நொடிப்பொழுதிற் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. அத்துணை இல்லாத காலத்தில் நம் நாட்டு வெயிலோடு போராடிய ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

லின்னேயஸ் டிரைப் என்பார் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். 1854-இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அவை மறு ஆண்டு சென்னைப் பொருட்காட்சியிற் பரிசு பெற்றன. 1855-இற் பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவிலும் அவரே படமெடுத்தார். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்றார்.

1857 டிசம்பரிற் பெங்களூரை விட்டுப் புறப்பட்டார். கருவிகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. நம் கொங்கு நாட்டை அடுத்த இராயக்கோட்டை முதலாய சேலம் மாவட்டத்து இடங்களையும், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகியவற்றையும் படமாக்கினார்.

அவர் கையாண்டது மெழுகேற்றிய நெகடிவ் தாள். அத்தாள் நீல ஒளியை விரைந்து பற்றும். பச்சையையும் செம்மையையும் எளிதிற் பற்றாது. ஆதலின் கல்லும் மரமும் நன்கு பதிவதற்குள் வானம் அளவிறந்து வெளுத்துவிடும். டிரைப் கல்லுக்கே முதலிடம் தந்தார். சிற்பம் தெளியும்வரை ஒளி படவிட்டு, பின்னர் நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி வானில் முகில்களை அமைத்தார்.

இது பொய்யன்றோ எனச் சிலர் வினவலாம். முகில் நாடோறும் மாறுவது. கல்லெழுத்தோ சிதைந்தால் மீளாது. எதனை இழக்கலாம், எதனை இழத்தலாகாது என்று தெளிந்தமையே அவரது அறிவுடைமை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக இணைத்தார். ஒரு படத்தில் ஒளி மிகினும் குறையினும் இணைப்புத் தோன்றிவிடுமன்றோ? அவ்வளவு பொறுமை அதற்கு வேண்டியிருந்தது.

1859-இல் ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெலியன் இப்பணியை வீண் ஆடம்பரமெனக் கருதினார். 1860-இல் அரசாங்கப் புகைப்பட நிலையம் மூடப்பட்டது. டிரைப் படைத்தொழிலுக்கே மீண்டார். பிற்காலத்தில் தாயகம் சென்று, 1902-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் காலமானார்.

வீண் ஆடம்பரமெனக் கைவிடப்பட்ட அப்பணியே, நம் கோயில்கள் அன்றிருந்த நிலைக்கு இன்று சான்றாய் நிற்கிறது. ஒளி முழுதும் ஒருவர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்த ஒளியிற் காக்கத் தக்கதைக் காப்பதே கலைஞர் கடன் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.