அறிவே ஆற்றல்: பேகம் ரொக்கையா அம்மையார்

ஆற்றல் அறத்தோடு கூடி நிற்க வேண்டுமாயின், அதற்குக் கல்வி அடிப்படையாக அமைதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்த பெண்டிர் பல நாடுகளிலும் வாழ்ந்துள்ளனர். அமெரிக்க மக்கள் விடுதலைக்குப் போராடிய 1776ஆம் ஆண்டில், அபிகேல் ஆடம்ஸ் என்னும் அம்மையார், பேரவை உறுப்பினராயிருந்த தம் கணவர் ஜான் ஆடம்சுக்கு மடல் எழுதி, புதிய சட்டங்களை இயற்றுங்கால் பெண்களை மறவாதிருக்குமாறு வேண்டினார். நம் நாட்டில் இத்தகைய சிந்தனையை எழுத்தோடு நிறுத்தாது, ஒரு பள்ளிக்கூடமாகவே எழுப்பிக் காட்டியவர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆவார்.

இவர் 1880ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்தில் உள்ள ரங்கபூரை அடுத்த பைராபந்த் என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பமொன்றில் பிறந்தார். ஆண்மக்கள் கல்கத்தாவுக்குச் சென்று ஆங்கிலக் கல்வி பெற்றனர். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதுதலும் சிறிது உருதுவுமே போதும் எனக் கருதப்பட்டது. இல்லத்தார் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி ஒளியில் தமையனார் இப்ராகீம் சாபிர் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். வங்கமொழியில் ஆர்வம் ஊட்டியவர் தமக்கையார் கரீமுன்னிசா.

பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிய சகாவத் ஹுசைன் அவர்களை அம்மையார் மணந்தார். கணவர் மனைவியின் எழுத்தார்வத்தைத் தடுக்காததோடு, பெண்கள் பள்ளி ஒன்று தொடங்குதற்கென 10,000 ரூபாயை ஒதுக்கியும் வைத்தார்.

அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் இதழில் வெளிவந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். அக்கதையில் ஓர் அரசி பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களை நிறுவுகிறார். ஒன்று முகிலிலிருந்து நீரை ஈர்க்கும் வழியைக் காண்கிறது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்கக் கற்கிறது. பகைவர் படையெடுத்து வர, நாட்டின் படை தோற்கிறது. அப்போது 2,000 மாணவியர் கதிரொளியைக் குவித்துச் செலுத்திப் பகைவரை விரட்டுகின்றனர். வென்ற பின்னரும் அவ்வரசி பிறர் மண்ணையோ மணியையோ விழையவில்லை. அறிவுக் கடலில் மூழ்கி முத்தெடுப்பதையே பெருஞ்செல்வமாகக் கொள்கிறார். ஆற்றலைத் தருவது கல்வி, அதனை நெறிப்படுத்துவது அறம் என்னும் அம்மையாரின் கொள்கை இங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

கனவு கண்டது எளிது. அதனை நனவாக்கியதே அரிது. ஈன்ற இரு பெண்மகவுகளும் மழலைப் பருவத்திலேயே மறைந்தன. 1909இல் கணவரும் காலமானார். அவ்வாண்டிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் அம்மையார் பள்ளியைத் தொடங்கினார். குடும்பப் பூசல் காரணமாக அவ்வூரை நீங்க நேர்ந்தபோதும் துவளாது, 1911 மார்ச் 16ஆம் நாள் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் கணவர் பெயரால் அப்பள்ளியை மீண்டும் நிறுவினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரை வேண்டிப் பிள்ளைகளைச் சேர்த்தார்.

மாணவியரை அழைத்து வரப் பள்ளிக்கென மோட்டார் வண்டி ஒன்று அமர்த்தப்பட்டது. பர்தா பேணுதற்பொருட்டு அது நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. புழுக்கம் தாளாது பிள்ளைகள் மயங்கினர், பெற்றோர் முறையிட்டனர். அடைப்பை நீக்கித் திரை கட்டினால், காற்றில் திரை விலகுகிறதே என்று கண்டன மடல்கள் வந்தன. இருபுறத்து இடியையும் தாங்கிய மத்தளம் போல் அம்மையார் பொறுத்தார், பள்ளியை மூடவில்லை. தாமும் பர்தா பேணியவரே அவர். மார்க்கம் விதித்த நாணம் வேறு, அறியாமையில் அடைத்து வைக்கும் வழக்கம் வேறு என்பதே அவர்தம் வாதம். கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியையே அவர் சமுதாயத்திற்கு நினைவூட்டினார். 1916இல் முஸ்லிம் மாதர் சங்கம் ஒன்றையும் நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவினார்.

1932 டிசம்பர் 9ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அன்னார் எழுதி முடியாத கட்டுரையொன்று மேசைமீது கிடந்தது. அதன் பொருள் பெண்ணுரிமை.

வள்ளியூரிலும், அண்மையிலுள்ள ஏர்வாடி, களக்காடு முதலிய ஊர்களிலும் இன்று பேருந்தேறிக் கல்லூரிக்குச் செல்லும் நம் பெண்மக்களுக்கு மெழுகுவர்த்தியை மறைத்துப் படிக்க வேண்டிய நிலை இல்லை. எனினும், திருமணப் பேச்சு எழுந்தவுடன் பட்டப்படிப்பு பாதியில் நிற்பதை நாம் இன்னும் காண்கிறோம். பெரியோர்களே! ரொக்கையாவை உருவாக்கியதில் ஒரு தமையனுக்கும் ஒரு கணவருக்கும் பங்கு உண்டு. மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் தமையராய், கணவராய், தந்தையராய் நிற்பீர்கள். அந்த விளக்கை ஏந்தும் கை உங்கள் கையாகட்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!